தண்டுவடக் காயமும் ரத்தத்தின் சாட்சியமும்

1990-ஆம் ஆண்டின் முற்பகுதியில் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம், ஒரு மருத்துவ ஆராய்ச்சியின் முடிவுகள் பத்திரிகையில் அச்சேறுவதற்கு முன்னதாகவே, அவற்றின் சாரத்தை அந்நாட்டு மருத்துவர்களுக்கு அவசர அறிவிப்பாக அனுப்பிவைத்தது. முதுகெலும்பு முறிந்து, அதனுள் ஓடும் தண்டுவடம் நசுங்கி, கையோ காலோ அசைவற்றுக் கொண்டுவரப்படும் நோயாளிக்கு, விபத்து நேர்ந்த எட்டு மணி நேரத்துக்குள் மெத்தில்பிரட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தை மிகப் பெரிய அளவில் செலுத்தினால், இழந்த சக்தியில் ஒரு பகுதி திரும்பக்கூடும் என்பதே அந்த அறிவிப்பின் செய்தி. உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் வீதம் கால் மணி நேரத்தில் முதல் தவணை; பிறகு இருபத்து மூன்று மணி நேரம் இடைவிடாமல் சிரை வழியே மருந்து. தண்டுவடக் காயத்துக்கு மருந்தென்று சொல்ல அதுகாறும் எதுவுமே இல்லாதிருந்த உலகில் இந்த முறை சில ஆண்டுகளுக்குள் பல நாட்டு மருத்துவமனைகளிலும் பரவி, ஏறக்குறைய வேதவாக்கின் ஸ்தானத்தை அடைந்துவிட்டது.

யேல் பல்கலைக்கழகத்து மைக்கேல் பிராக்கனின் தலைமையில் 487 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட அந்தப் பரிசோதனையை நிதானமாகப் படித்தவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகம் இருந்தது. மொத்த நோயாளிகளையும் சேர்த்துப் பார்க்கும்போது மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் சொல்லத்தக்க பேதம் எதுவும் தெரியவில்லை. எட்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களைத் தனியே பிரித்தெடுத்த பின்னரே ஒரு சிறு அனுகூலம் தென்பட்டது. ஆயினும் மருந்தைக் கொடுத்ததில் நம்பிக்கை காரணமாயிருந்ததைப் போலவே, கொடுக்காவிட்டால் நாளைக்கு நீதிமன்றத்தில் பதில் சொல்ல நேருமே என்ற அச்சமும் காரணமாயிருந்தது என்று அமெரிக்க அறுவை மருத்துவர்கள் பலர் பின்னாளில் ஒப்புக்கொண்டார்கள். 1997-இல் வெளிவந்த அடுத்த பரிசோதனை, மருந்தை நாற்பத்தெட்டு மணி நேரம் நீட்டித்தவர்களுக்குக் கடுமையான நிமோனியாவும் ரத்தத்தில் கிருமி பரவுதலும் மிகுந்திருந்ததைக் காட்டியது. 2004-இல், தலையில் அடிபட்ட பதினாயிரம் பேருக்கு மேற்பட்டவர்களிடம் பல நாடுகளில் நடத்தப்பட்ட மற்றொரு பெரும் பரிசோதனையில், அதே ஸ்டீராய்டைப் பெற்றவர்களிடையே மரணம் குறைவதற்குப் பதிலாகக் கூடியது. 2013-இல் அமெரிக்க நரம்பியல் அறுவை நிபுணர்களின் சங்கங்கள் தண்டுவடக் காயத்துக்கு இம்மருந்து வேண்டாம் என்று வெளிப்படையாகவே எழுதிவிட, 2017-இல் வேறொரு சர்வதேசக் குழு, எட்டு மணி நேரத்துக்குள் வந்தவர்களுக்கு வேண்டுமானால் கொடுக்கலாம் என்று அபிப்பிராயம் தெரிவித்தது. முதல் அறிவிப்புக்கும் இதற்கும் இடையே இருபத்தேழு ஆண்டுகள்.

ஒரு மருந்தைப் பற்றிக் கால் நூற்றாண்டுக்கு மேலாக அறிஞர்கள் ஒருமனப்படாமல் இருப்பதற்கு அவர்களுடைய அறிவுக் குறைவு காரணமல்ல. அந்த மருந்து அடக்கப் புறப்பட்ட சக்தி, அதாவது நமது சரீரத்தின் நோய் எதிர்ப்பு சக்தி, ஒரே சமயத்தில் கெடுதலும் உபகாரமும் செய்கிற விசித்திரமான ஒன்று. அத்துடன் அது மனிதருக்கு மனிதர் மாறுபடுவது. இவ்விரண்டில் முதலாவதை விஞ்ஞானம் சிரமப்பட்டுக் கற்றுக்கொண்டிருக்கிறது. இரண்டாவதை இப்போதுதான் கற்கத் தொடங்கியிருக்கிறது.

தண்டுவடம் நசுங்கிய அந்தக் கணத்தில் நேர்ந்த சேதத்தை எவராலும் மாற்ற முடியாது. ஆனால் சேதம் அந்தக் கணத்தோடு முடிந்துவிடுவதுமில்லை. சில நிமிடங்களுக்குள் நரம்பணுக்களிலிருந்து கட்டுப்பாடின்றிக் கொட்டும் ரசாயனங்கள் பக்கத்து அணுக்களைக் கொல்லத் தொடங்குகின்றன. மூளையிலும் தண்டுவடத்திலும் நிரந்தரமாகவே குடியிருக்கும் காவல் அணுக்கள் விழித்துக்கொள்கின்றன. சில மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்னும் வெள்ளை அணுக்கள் காயத்துக்குள் புகுகின்றன. இரண்டு மூன்று நாட்களில், இறந்த திசுக்களை விழுங்கும் மாக்ரோஃபேஜ் அணுக்கள் திரண்டு வந்து, ஒரு வாரத்தில் உச்சத்தை எட்டுகின்றன. தோலில் ஒரு வெட்டுக்காயம் என்றால் இவை தம் காரியம் முடிந்ததும் விடைபெற்றுக்கொள்ளும். தண்டுவடத்திலோ மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில், தங்கிவிடுகின்றன. கிராமத்தில் ஒரு கூரை தீப்பற்றிக்கொண்டால் அணைக்க வருகிறவர்கள் பக்கத்து வீட்டுக் கூரையையும் பிரித்துப் போடுவார்கள் அல்லவா? அதனால் தெரு பிழைப்பதும் உண்டு, பற்றியே இராத வீடு பாழாவதும் உண்டு. இந்த அணுக்களின் செய்கையும் அத்தகையதே. இறந்துபட்ட நரம்புறையின் கொழுப்பை அகற்றிப் புதிய வளர்ச்சிக்கு வழி செய்கிறவையும் இவையே, உயிரோடிருக்கும் நரம்பிழைகளைச் சிதைக்கிறவையும் இவையே.

இந்த இரட்டைக் குணத்தின் நல்ல பக்கத்தை நம்பி எதிர்த்திசையில் புறப்பட்டவர் இஸ்ரேலின் வைஸ்மன் விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த மிஷல் ஷுவார்ட்ஸ் என்னும் அம்மையார். நோய் எதிர்ப்பு சக்தியை அடக்குவதே சிகிச்சை என்று உலகம் முழுவதும் எண்ணிக்கொண்டிருந்த காலத்தில், அடக்குவதற்குப் பதிலாகத் தக்க முறையில் தூண்டிவிட்ட மாக்ரோஃபேஜ் அணுக்களைக் காயத்திலேயே செலுத்தினால் என்ன என்று கேட்டு, தண்டுவடம் முற்றிலும் துண்டிக்கப்பட்ட எலிகள் அந்தச் சிகிச்சையால் ஓரளவு அசைவைத் திரும்பப் பெற்றதாக 1998-இல் அவருடைய குழுவினர் எழுதினார்கள். துணிச்சலான சிந்தனை என்பதில் ஐயமில்லை. அது மனிதரிடமும் பரீட்சிக்கப்பட்டது: நோயாளியின் சொந்த ரத்தத்திலிருந்து அணுக்களைப் பிரித்து, அவருடைய தோலின் ஒரு துணுக்கோடு வைத்துப் பக்குவப்படுத்தி, விபத்து நேர்ந்த பதினான்கு நாட்களுக்குள் தண்டுவடத்தில் செலுத்தினார்கள். 2006-இல் பணமில்லாமல் அந்தப் பரிசோதனை பாதியில் நின்றுபோயிற்று. 2012-இல் வெளியான முடிவோ யாரும் எதிர்பாராதது. சிகிச்சை பெற்ற 26 பேரில் முன்னேற்றம் கண்டவர்கள் 7 பேர். சிகிச்சை பெறாத 17 பேரில் முன்னேற்றம் கண்டவர்கள் 10 பேர். தொகை சிறியதாகையால் சிகிச்சை தீங்கு செய்தது என்று தீர்மானிக்க முடியாது. நன்மை செய்தது என்று சொல்லவோ இடமே இல்லை.

அடக்குவதும் தூண்டுவதும் ஆகிய இந்த இரண்டு மார்க்கங்களும், ஒன்றுக்கொன்று நேர் விரோதமானவையாயினும், ஓர் அனுமானத்தில் ஒத்துப்போகின்றன. காயம் ஒரேவிதமாயிருந்தால் அதற்கு எல்லா மனிதர்களின் சரீரமும் தரும் பதில் ஒரேவிதமாயிருக்கும் என்பதே அந்த அனுமானம். ஆய்வுக்கூடத்துப் பிராணிகளே இதைப் பொய்யாக்கியிருக்கின்றன. ஒரேவிதமாக அடி கொடுத்தாலும், எலியின் தண்டுவடத்தில் மனிதனுக்கு ஏற்படுவதைப் போலவே குழி விழுகிறது; சுண்டெலியின் தண்டுவடத்தில் குழி விழாமல் நார்த்திசு நிரம்பிக்கொள்கிறது. எலிகளுக்குள்ளும் ஒரு வம்சத்து எலியிடம் காணப்படும் அணுக்களின் படையெடுப்பு வேறொரு வம்சத்து எலியிடம் காணப்படும் அளவில் இருப்பதில்லை. வம்சத்துக்கு வம்சம் வேறுபடுவது மரபணுவின் காரியம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மரபணுவுக்கேற்ப மீட்சி மாறுபடுமா என்று மனிதரிடம் கேட்ட ஆரம்ப ஆய்வுகளுள் ஒன்று 2008-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலிருந்து வந்தது. கழுத்துப் பகுதியில் தண்டுவடம் காயமுற்ற ஐம்பதுக்குச் சற்றே மேற்பட்டவர்களிடம், உடலில் கொழுப்பைச் சுமந்து செல்லும் ஒரு புரதத்துக்குரிய ஏபோ-ஈ என்னும் மரபணுவைப் பரிசோதித்தார்கள். முதுமையில் வரும் அல்சைமர் மறதி நோயோடு தொடர்புடையதென்று முன்பே பெயர் பெற்ற அந்த மரபணுவின் நான்காம் வடிவத்தை உடையவர்களுக்குத் தசைச் சக்தி குறைவாகவே திரும்பியது. அவர்கள் மருத்துவமனையில் தங்க வேண்டிய காலமும் நீண்டது. ஆனால் அதே மனிதர்களிடம் ஊசி குத்துவதை உணரும் உணர்ச்சி மற்றவர்களைக் காட்டிலும் நன்றாகவே திரும்பியது. ஒரே குறி ஒரு கணக்கில் நட்டத்தையும் இன்னொரு கணக்கில் லாபத்தையும் காட்டியதென்றால், மரபணுவைப் பார்த்து ஜாதகம் கணிப்பது போல மனிதனின் எதிர்காலத்தைச் சொல்லிவிடலாம் என்று நினைப்பவர்கள் சற்றுப் பொறுத்திருப்பதே நலம்.

இதைவிட நம்பிக்கை தருவது வேறொரு வழி. பிறவியில் வாய்த்த மரபணு எது என்று கேட்பதை விட்டு, விபத்து நேர்ந்தபின் அந்த மரபணுக்களில் எவை விழித்தெழுந்து வேலை செய்கின்றன, எவை அடங்கிக் கிடக்கின்றன என்று ரத்தத்தின் வெள்ளை அணுக்களைக் கேட்பது அது. சான் பிரான்சிஸ்கோ நகரத்து மருத்துவமனை ஒன்றில் தண்டுவடக் காயத்தோடு வந்தவர்களிடம் ஆரம்பத்திலேயே ரத்தம் எடுத்து, தண்டுவடம் அல்லாத பிற காயங்களோடு வந்தவர்களின் ரத்தத்தோடும் ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தோடும் ஒப்பிட்ட ஆராய்ச்சியாளர்கள், நூற்றுக்கு மேற்பட்ட மரபணுக்களின் செயற்பாடு காயத்தின் கடுமைக்கேற்ப மாறுவதை 2021-இல் எடுத்துக்காட்டினார்கள். அந்த ரத்தத்தை மட்டுமே வைத்துக் காயத்தின் தரத்தை ஊகித்தபோது ஏறத்தாழப் பத்தில் ஏழு முறை ஊகம் சரியாயிருந்தது. மயக்கத்தில் இருப்பவரிடமும், குடிபோதையில் இருப்பவரிடமும், கையைத் தூக்கு, காலை மடக்கு என்று சொல்லிப் பரிசோதிக்க முடியாது என்பதை நினைத்தால் இதன் பிரயோஜனம் புரியும். பத்தில் மூன்று முறை தவறும் என்பதை நினைத்தால் இதன் எல்லையும் புரியும்.

மரபணு ஆராய்ச்சியில் இன்னுமொரு சிக்கல் உண்டு. நம் நாட்டவர் மற்றவரைவிட அதிகமாகக் கவனிக்க வேண்டியது அதுவே. 2019-இல், சி.சி.ஆர்.5 என்னும் மரபணுவில் முப்பத்திரண்டு எழுத்துகள் விடுபட்ட ஒரு வடிவத்தை உடையவர்கள் பக்கவாதத்திலிருந்து மற்றவர்களைக் காட்டிலும் நன்றாக மீள்கிறார்கள் என்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், இஸ்ரேல் நாட்டு நோயாளிகளின் விவரங்களைக் கொண்டு எழுதினார்கள். எய்ட்ஸ் கிருமி அணுவுக்குள் நுழையும் வாயில் என்று பெயர்பெற்ற மரபணுவே இது. பக்கவாதத்துக்கும் தண்டுவடக் காயத்துக்கும் உறவு நெருக்கமாகையால் இக்கண்டுபிடிப்பு இரு துறையினரையும் கவர்ந்தது. ஆனால் வட ஐரோப்பாவில் பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் காணப்படும் அந்த வடிவம் தென்னிந்தியரிடையே மிக மிக அரிது. அங்கே பயன்படும் குறி இங்கே அநேகமாக எவரிடமும் இராதபோது, நம்மிடையே ஒருவர் நன்றாக மீள்வதற்கும் இன்னொருவர் மீளாமைக்கும் காரணமான குறி எதுவென்று அவர்கள் நமக்காகத் தேடித் தரப்போவதில்லை.

இங்கேயே தேடினால் கிடைக்கும் என்பதற்கு அத்தாட்சியும் உண்டு. அறுவை சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சினைல்கோலின் என்னும் மருந்தின் வேகம் சில நிமிடங்களில் தெளிந்துவிட வேண்டும். ஆரிய வைசியர் சமூகத்தில் சிலருக்கு அது மணிக்கணக்கில் தெளியாமல் நிற்பதை மயக்க மருத்துவர்கள் அனுபவத்தால் வெகுநாளாக அறிந்திருந்தார்கள். கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் வெளிநாட்டு நிபுணர்களோடு சேர்ந்து அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2006-இல் அடையாளம் காட்டினார்கள். தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே மணம் முடிக்கும் நமது சமூகங்களில் இத்தகைய குறிகள் இன்னும் எத்தனையோ மறைந்திருக்கக்கூடும். பதினாயிரம் இந்தியரின் முழு மரபணுத் தொகுதியைப் படித்த தேசியத் திட்டத்தின் விவரங்கள் 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன என்பது நல்ல ஆரம்பம். ஆயினும் அது ஆரோக்கியமானவர்களின் பட்டியல். காயமுற்றவரின் ரத்தம் முதல் நாளில் என்ன சொல்லிற்று, ஓராண்டு கழித்து அந்த மனிதர் எழுந்து உட்கார்ந்தாரா, நடந்தாரா என்ற விவரம் அதில் இராது.

இவ்விஷயத்தில் வியாபாரிகள் விஞ்ஞானிகளை முந்திக்கொள்வார்கள் என்ற அச்சம் நமக்கு உண்டு. ரத்தப் புற்றுநோய் போன்ற ஒரு சில வியாதிகளைத் தவிர வேறெதற்கும் ஸ்டெம் செல் சிகிச்சை அங்கீகரிக்கப்படவில்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இலேயே வழிகாட்டு நெறிகளில் எழுதியும், தண்டுவடக் காயமுற்ற இளைஞனின் தகப்பனார் நிலத்தை விற்று அந்தச் சிகிச்சைக்குப் பணம் கட்டும் காட்சி நின்றபாடில்லை. நாளைக்கு அதே கடைகளில், உங்கள் மகன் நடப்பானா என்று மரபணுப் பரிசோதனையில் சொல்கிறோம் என்று விலைப்பட்டியல் தொங்கும். ஐம்பது பேரிடம் கண்ட குறியை வைத்து ஐம்பத்தோராவது மனிதனின் விதியை எழுதுவது விஞ்ஞானமாகாது; அவனுக்குத் தர வேண்டிய உடற்பயிற்சியையும் பராமரிப்பையும் அந்தக் காகிதத்தைக் காட்டிக் குறைத்துவிட்டால் அது கொடுமையுமாகும்.

நோய் எதிர்ப்பு சக்தியைப் பற்றிய இந்த ஆராய்ச்சிகளிலிருந்து இன்றைக்கே பயன் தரத்தக்க ஒரு செய்தி கிடைத்திருக்கிறது. அதற்கு மரபணுப் பரிசோதனை எதுவும் வேண்டாம். காயமுற்ற இடத்தில் அளவுகடந்து பொங்கும் அதே சக்தி சரீரத்தின் மற்றப் பகுதிகளில் சோர்ந்துவிடுகிறது என்பதே அது. நோய் எதிர்ப்பில் பங்குள்ள மண்ணீரலையும், சிறுநீரகத்தின் மேலமர்ந்த அட்ரினல் சுரப்பியையும் ஆளும் நரம்புகள் மார்புப் பகுதித் தண்டுவடத்திலிருந்து புறப்படுகின்றன. கழுத்திலோ மேல் மார்பிலோ காயம் நேரும்போது மூளையின் ஆணை அவற்றை எட்டுவதில்லை. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2007-இல் சுண்டெலிகளிடம் நடத்திய சோதனையில், மூன்றாம் மார்பு மட்டத்தில் காயமுற்றவற்றுக்குக் கிருமியை எதிர்க்கும் புரதங்களை உண்டாக்கும் திறன் குன்றியது; ஒன்பதாம் மட்டத்தில் காயமுற்றவற்றுக்கு அப்படிக் குன்றவில்லை. பெர்லின் சாரிட்டே மருத்துவமனையைச் சேர்ந்தவர்களும் பிறரும் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து, நிமோனியாவோ காயத்தில் கிருமித் தொற்றோ வந்த நோயாளிகளுக்கு நரம்புச் சக்தி மீள்வதும் குறைந்துபோகிறது என்று கண்டார்கள். இதுவரை படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் மார்புச் சளியும் நோயாளியின் உயிருக்கு மட்டுமே அபாயம் என்று எண்ணியிருந்தோம். இத்தகைய தொற்றுகள் அவருடைய கை கால்களுக்கும் அபாயம் ஆகலாம் என்று இப்போது தெரிகிறது.

முதல் உலகப் போரில் தண்டுவடம் காயமுற்ற சிப்பாய்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோனவை இந்தத் தொற்றுகளே. ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்த லுட்விக் குட்மன், 1944-இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயமுற்றவர்களுக்கென ஒரு பிரிவைத் திறந்து, இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தபோது, அந்தப் பிடிவாதத்துக்குப் பின்னால் இவ்வளவு ஆழ்ந்த தத்துவம் இருந்ததென்று அவருக்கே தெரிந்திராது. நமது வேலூரில், 1954-இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே அசைவிழந்தும் சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்த டாக்டர் மேரி வர்கீஸ், 1966-இல் தொடங்கிய மறுவாழ்வு நிலையமும் அதே வழியில் நடப்பது. இப்படியொரு முன்னோடி நம்மிடையே இருந்தும், பல ஊர்களில் தண்டுவட நோயாளி அறுவை முடிந்த சில வாரங்களில் ஒரு சிறுநீர்க் குழாயோடும் ஒரு மருந்துச் சீட்டோடும் வீட்டுக்கு அனுப்பப்பட்டு, புட்டத்தில் எலும்பு தெரியும் புண்ணோடு திரும்பி வருகிறார். எந்த மரபணு வாய்த்தவரானாலும் அந்தப் புண் அவரைத் தோற்கடித்துவிடும்.

இப்போது நமது யோசனையைச் சொல்லிவிடுவோம். சாலை விபத்தில் காயமுற்றவர்களுக்கு முதல் நாற்பத்தெட்டு மணி நேரச் சிகிச்சையை இலவசமாக வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. நோய் எதிர்ப்பு அணுக்களின் முதல் படையெடுப்பு நிகழ்வதும் அதே நாற்பத்தெட்டு மணி நேரத்தில்தான். தண்டுவடக் காயத்தோடு வரும் ஒவ்வொருவரிடமும் சம்மதம் பெற்று ஒரு குப்பி ரத்தத்தைப் பாதுகாத்து வைப்பதும், காயத்தின் மட்டத்தையும் தரத்தையும் ஒரே முறையில் பதிவதும், தொற்று எதுவும் வந்ததா என்று குறிப்பதும், ஓராண்டு வரையில் அவரை விடாமல் பின்தொடர்ந்து எழுதி வைப்பதும் சில பெரிய அரசு மருத்துவமனைகளிலாவது நடக்குமானால், நமது மக்களின் ரத்தம் தரும் சாட்சியம் சில ஆண்டுகளில் நம் கையில் இருக்கும். தென்னையிலிருந்தும் கட்டடச் சாரத்திலிருந்தும் விழுந்து வருகிறவர்களையும் இதில் சேர்க்க வேண்டும். நம் நாட்டில் சாலை விபத்துக்கு ஈடாக முதுகெலும்பை முறிப்பது உயரத்திலிருந்து விழும் வீழ்ச்சியே.

இதற்கு ஓர் ஆட்சேபம் எழும், அது நியாயமானதும்கூட. மகன் அசைவற்றுக் கிடக்கும்போது மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நிற்கும் தாயிடம் காகிதத்தை நீட்டி வாங்கும் கையெழுத்தைச் சம்மதம் என்று கொள்ளலாமா? கொள்ளலாகாது என்பதே நமது அபிப்பிராயம். சிகிச்சைக்காக எப்படியும் எடுக்கும் ரத்தத்தில் மிஞ்சியதை மட்டும் முதலில் வைத்துக்கொண்டு, சில வாரங்கள் கழித்து நோயாளி தெளிந்தபின் அவரிடமே விளக்கிக் கேட்டு, வேண்டாம் என்றால் அழித்துவிட வேண்டும். அவருடைய மரபணு விவரம் காப்பீட்டு நிறுவனத்துக்கோ வேலை கொடுப்பவருக்கோ போகாது என்பதற்கு அரசே பிணையாக வேண்டும். ரத்தம் கொடுக்க மறுத்தவருக்கும் கொடுத்தவருக்கும் பராமரிப்பில் அணுவளவும் பேதம் கூடாது.

ஓராண்டுக் காலம் பின்தொடர்வது என்று நிர்ணயித்துவிட்டால் படுக்கைப் புண்ணையும் சிறுநீர்த் தொற்றையும் யாரேனும் ஒருவர் பார்த்தே ஆகவேண்டியிருக்கும். ஆராய்ச்சியின் முடிவு எதுவானாலும் நோயாளிக்கு அந்த லாபம் நிச்சயம். இதற்குச் சட்டமன்றத்தில் புதிய சட்டம் இயற்ற வேண்டியதில்லை. இருக்கிற திட்டத்தை விரிக்க ஓர் அரசாணையும், வேண்டிய செவிலியர்களை நியமிக்க மக்கள் நல்வாழ்வுத் துறையின் அடுத்த மானியக் கோரிக்கையில் ஓர் ஒதுக்கீடும் போதும். அந்த இரண்டையும் அமைச்சர் இவ்வாண்டே செய்ய வேண்டும்.